சயாம் கத்தியின் முத்திரை

நம் வயதுக்காரர்களின் வீட்டுப் பரணில், யாரும் தொடக்கூடாத பொருள் ஒன்று இருந்திருக்கும். உங்கள் வீட்டில் அது பர்மாவிலிருந்து வந்த பெட்டியாக இருந்திருக்கலாம். செத்துப்போன யாரோ ஒருவருடைய மூக்குக் கண்ணாடியாகவும் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அது ஒரு கத்தி. துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி. பயனெட் என்று அதற்குப் பெயர் இருப்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். வீட்டில் எல்லோருக்கும் அது சயாம் கத்தி; தாய்லாந்தைத்தான் அப்போது சயாம் என்பார்கள்.

போன தை மாதம் சிதம்பரத்தில் அதை மறுபடியும் கையில் வாங்கினேன். ஒரு பெரிய ஆளின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இப்போதும் அவ்வளவே இருந்தது. கிழவியான பிறகு எல்லாம் சிறுத்துத் தெரியும் என்பார்கள். கத்தி சிறுக்கவில்லை.

அப்போது எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. அப்பா படகுத் தச்சர். அவர் வேட்டியில் எப்போதும் மரத்தூளும் மீன் எண்ணெய் வாடையும் இருக்கும். அம்மாவை எனக்கு நினைவில்லை. நான் தவழ்வதற்கு முன்பே போய்விட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தது அப்பாவின் தங்கை, என் அத்தை.

அத்தை முந்திரி உடைப்பாள். பண்ருட்டி வியாபாரியின் ஆள் மூட்டையைக் கொண்டுவந்து போடுவான். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பாள். அப்படியும் விரல்கள் கருத்து வெடித்திருக்கும். அந்த விரல்களால் என் தலையைப் பின்னும்போது மயிர் சிக்கிச் சிக்கி இழுக்கும். வலிக்கும். வேறு யார் பின்னினாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தைக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாமா மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். துணைக்குச் சித்தப்பாவும் போனார். அப்பாவுக்குத் தம்பி, அத்தைக்குச் சின்னண்ணன். மூன்று வருஷம் ரப்பர் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்து சொந்தமாகப் படகு கட்டுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்களாம். நடுவில் யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து ஒரு வருஷம் கழித்துச் சித்தப்பா மட்டும் வந்தார். கையில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இரண்டு சட்டை, கோணித் துண்டில் சுற்றிய கத்தி.

இது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. வந்த அன்றைக்குச் சித்தப்பா சொன்னதை அப்பா எனக்குப் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

"ரயில் ரோடு போடணும்னு எங்களயெல்லாம் சயாமுக்கு ஏத்திகினு போனான். மச்சானுக்கு ஜொரம். எழுந்துக்க முடியல. காவலுக்கு நின்ன சிப்பாய் துப்பாக்கிக் கத்தியால தொடையில குத்தி எழுப்பினான். புண்ணுல புழு வெச்சிப்போச்சி. பதினோராம் நாளு போயிட்டாரு. மூங்கில் காட்டுல நாந்தான் பொதச்சேன்."

அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷம் பினாங்கிலிருந்து வந்த ஒருவன், மாமாவை அங்கே ஒரு கடையில் பார்த்ததாகவும், பக்கத்தில் ஒரு சீனப் பொம்பளை நின்றதாகவும் சொல்லிவிட்டுப் போனான். ஜனங்களுக்கு இரண்டு கதை கிடைத்தால் எது ருசியோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் தெரு சீனப் பொம்பளையை எடுத்துக்கொண்டது. அத்தை தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தாள். சித்தப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் அப்படியே போயிற்று.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, முந்திரிக் கொட்டை வரத்து ஜாஸ்தியாக இருந்த ஒரு பங்குனியில், அத்தையைக் கேட்டு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஆள் வந்தது.

மாப்பிள்ளை தையற்காரர். பெண்சாதி செத்து, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அவரும் அவருடைய அண்ணனும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். என் பாவாடையில் பக்கவாட்டில் பெரிய கிழிசல் இருந்தது. அதைப் பார்த்த மாப்பிள்ளை, "துணி நல்லாதான் இருக்குது, தையல்தான் போச்சி. நான் ஒண்ணு தெச்சித் தர்றேன்" என்றார். கண்ணாலேயே என் இடுப்பை அளவெடுத்தார். நான் ஓடிப்போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். அத்தை அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தமில்லாமல் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

சாயங்காலம் அப்பா சித்தப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அவ போவட்டும். முப்பத்தஞ்சி வயசுதான ஆவுது. பொண்ண நான் பாத்துக்கிறேன்."

பொண்ணு என்றது என்னை. அன்றைக்கு ராத்திரி அத்தையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினேன்.

எங்கள் ஜனத்தில் அறுத்துக்கட்டும் வழக்கம், அதாவது செத்தவன் தாலியை அறுத்துவிட்டு வேறொருவனைக் கட்டிக்கொள்வது, உண்டு. ஆனால் புருஷன் செத்தான் என்பது தெரு பெரியவர்களுக்குத் திருப்தியாகத் தெரிய வேண்டும். நாட்டாமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாளைக்கி அவன் வந்து நின்னான்னா யாரு பதில் சொல்றது? உன் தம்பி சொல்றத வெச்சிகினு நாங்க தலையாட்ட முடியாதுப்பா."

சித்தப்பா வெளியே வந்தார். "கத்தியில ஜப்பான்காரன் முத்திரை இருக்குது. பட்டாளத்துல இருந்தவுங்க யாராவது பாத்துச் சொல்லட்டும். நான் சயாம்ல இருந்தது நெசம்னு அப்பவாவது நம்புவீங்களா?"

நாட்டாமை யோசித்தார். தேவனாம்பட்டினம் போகிற சாலையில் ஒரு சுபேதார் இருந்தார். வெள்ளைக்காரனிடம் இருபது வருஷத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் கொட்டகையில் உட்காருவது என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை அத்தை பரணிலிருந்து கத்தியை இறக்கினாள். தூசியைத் துடைத்தாள். கைப்பிடி ஓரத்தில், இரும்பு தொடங்குகிற இடத்தில், நாலு வட்டம் ஒன்றோடொன்று கோத்தபடி பதிந்திருந்தது. என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். கோலத்தில் கடைசியாகச் சுழிக்கிற பூ மாதிரியே இருந்தது.

"இந்தப் பூதாண்டி என் தலையெழுத்தச் சொல்லப் போவுது" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு, வெந்த விரலால் அதை ஒருமுறை தடவி, கத்தியைத் திரும்பப் பரணில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் துறைமுகத்தில். அத்தை பருப்பை ஒப்படைக்கப் போயிருந்தாள். நான் முக்காலி போட்டு ஏறிக் கத்தியை எடுத்தேன். அப்பாவின் உளி தீட்டும் சாணைக்கல்லைக் கொல்லைப்புறம் தூக்கிப்போனேன். தண்ணீர் ஊற்றி, பூ இருந்த இடத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன். பல் கூசுகிற சத்தம். சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வழிந்தது. விரல் முட்டிகள் கல்லில் உரசித் தோல் போயிற்று. கழுவிக் கழுவிப் பார்த்தேன். பூ லேசில் போகவில்லை. மணிக்கட்டு விட்டுப்போகிற அளவுக்குத் தேய்த்த பிறகு இரும்பு வெறுமையாகப் பளபளத்தது. சுற்றிப் பரணில் வைத்துவிட்டேன்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன். பூ போனால் அத்தை போக மாட்டாள். கணக்கு எனக்கு அவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. சுபேதார் கஞ்சி போட்ட சட்டையில் வந்திருந்தார். நாற்காலி போட்டார்கள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பினார். கைப்பிடியின் குமிழை நகத்தால் சுரண்டினார்.

"ராஜாவோட கிரீடம் எங்க? சர்க்கார் அம்பு முத்திரை எங்க? பட்டாளத்துக் கத்தின்னா எழுத்து இருக்கும், வருஷம் இருக்கும். நான் எத்தன கத்தி பாத்தவன்!"

"இது வெள்ளைக்காரன் கத்தி இல்லீங்க" என்றார் சித்தப்பா. "ஜப்பான்காரனுது. பிடிக்கு ஓரத்துல பூவாட்டம் இருக்கும் பாருங்க."

சுபேதார் கட்டைவிரலால் தடவினார். வெயிலில் காட்டினார்.

"இங்கயா? இங்க சாணை புடிச்சி அழிச்சிருக்குது. புதுசா தேச்சது. நீங்களே பாருங்க."

கத்தி கை மாறிக் கை மாறிப் போயிற்று. கடைசியில் சித்தப்பாவிடம் வந்தது. அவர் அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். அவர் பார்வை கூட்டத்தை ஒவ்வொரு முகமாகத் தாண்டி வந்து, பொம்பளைகள் பக்கத்தில் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் நின்றது. என் விரல் முட்டிகளில் பக்குக் கட்டியிருந்தது. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்த இழுப்பிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, உன் மச்சானைக் குத்துன கத்தி இதானா? அதச் சொல்லு" என்றார் நாட்டாமை.

"இதான்னு எப்பிடிச் சொல்றது? சண்ட முடிஞ்சதும் எல்லாத்தையும் குமிச்சிப் போட்டிருந்தானுங்க. அதுல ஒண்ண எடுத்தாந்தேன். இதுமாதிரி ஒண்ணுதான்."

யாரோ சிரித்தார்கள். உடனே பல பேர் சிரித்தார்கள். ஒரு பொய்க்காரனாக இருந்திருந்தால், இதேதான் என்று அடித்துச் சொல்லியிருப்பான். அது அன்றைக்கு ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"முத்திரைய யாரு அழிச்சது?"

சித்தப்பா மறுபடி என்னைப் பார்க்கவில்லை. கத்தியைக் கோணியில் சுற்றினார்.

"நாந்தான். துரு புடிச்சிருந்துது. தேச்சேன்."

அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். எல்லோரும் நம்பியதும் அது ஒன்றைத்தான்.

கூட்டத்துக்கு வந்திருந்த தையற்காரரின் அண்ணன் அங்கேயே எழுந்துவிட்டார். "அறுந்த சம்பந்தம்னா செய்யலாம். அறுக்காதத நாங்க எப்பிடிக் கட்டறது?" என்றார். தையற்காரர் அவர் பின்னாலேயே போனார். போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து சரியானதைப் போட்டுக்கொண்டார். அதற்கும் சிரித்தார்கள்.

எட்டு நாள் கழித்து ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வந்த ஒருவர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பச்சைப் பாவாடை. அடியில் இரண்டு மடிப்பு உள்ளே விட்டுத் தைத்திருந்தது, வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். வாக்கு கொடுத்துவிட்டாராம், அதற்காகத் தைத்தாராம். அத்தை அதை மடியில் வைத்துக்கொண்டு தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நான் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மூன்று வருஷம் போட்டேன். நல்ல தையல்.

சித்தப்பாவுக்குத் தெருவில் 'சயாம்' என்றே பெயராகிவிட்டது. துறைமுகத்தில் மூட்டையோடு நடக்கும்போது, "என்னா சயாம், ரயிலு வந்துட்டுதா?" என்பார்கள். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனி பிறப்பதற்குள் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போய்விட்டார். அங்கே அச்சகத்தில் புத்தகம் கட்டுகிற வேலை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு அப்பா மட்டும் போய்வந்தார். அத்தை போகவில்லை. சின்னண்ணன்தான் தன்னை ஏமாற்றிவிட்டார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

என் தலையைப் பின்னும்போது கேட்பாள். "சின்னண்ணன் ஏண்டி இப்பிடிப் பண்ணிச்சி? ஒருவேள எல்லாம் கட்டுக்கதயா? அவுரு உசுரோடதான் இருக்காரா?"

"தெரியல அத்த" என்பேன்.

ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. எனக்குக் கல்யாணமாகிப் போகும்வரை கேட்டாள். அத்தனை தடவையும் அதே பதிலைத்தான் சொன்னேன். நான் ஆசைப்பட்டபடியே அத்தை எங்கேயும் போகவில்லை. ஆனால் அடுப்படியில் சத்தமில்லாமல் சிரித்தவள் அந்தப் பங்குனியோடு போய்விட்டாள். மிச்சமிருந்தவள் முந்திரி உடைத்தாள், சோறு போட்டாள், வாசல் தெளித்தாள். என் மேல் கோபம்கூடக் கிடையாது. காரணம் தெரிந்தால்தானே கோபம் வரும்.

அத்தை அறுபதைத் தாண்டிச் செத்தபோது, பூவும் மஞ்சளும் வைத்துப் புதுப் புடவை போர்த்தினார்கள். "சுமங்கலியாப் போயிட்டா, குடுத்துவெச்சவ" என்று பொம்பளைகள் அவள் நெற்றியிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தங்கள் தாலியில் வைத்துக்கொண்டார்கள். எனக்கும் வைத்துவிட்டாள் ஒருத்தி. நான் குனிந்து நெற்றியைக் கொடுத்தேன்.

சித்தப்பா வந்திருந்தார். உள்ளே வரவில்லை. எதிர்வீட்டுச் சுவரோரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் அவரிடம் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் முந்திக்கொண்டு, "சாப்டியா புள்ள?" என்றார். "இல்ல சித்தப்பா" என்றேன். "பசியோட நிக்காத. எடுத்ததும் ஏதாவது சாப்புடு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு வருஷத்தில் அவரும் போய்விட்டார்.

இப்போது போன தை மாதத்துக்கு வருகிறேன். சித்தப்பாவின் மகன் சிதம்பரத்திலிருந்து போன் செய்தான். அவனுக்கே அறுபது வயது. சித்தி செத்து வருஷம் திரும்பியிருந்தது. வீட்டை இடித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை ஒழித்திருக்கிறார்கள்.

"அக்கா, அப்பாவோட கத்தி கெடக்குது. வெச்சிருந்தா போலீசு கேசு ஆவும்ங்கறாங்க. உனக்குதான் பழசெல்லாம் தெரியும், ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போனேன். கீழ வீதிக்குப் பின்னால் சின்ன வீடு. அவனுடைய மகள் கத்தியைப் படம் எடுத்து, பழைய ஆயுதங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் பையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கத்தியைத் துணியில் வைத்து எண்ணெய் தொட்டுத் துடைத்தார். பிறகு கைப்பிடி ஓரத்தில் சாக்பீஸ் பொடியைத் தூவி, விரலால் வழித்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்.

"இதோ பாருங்கம்மா."

ஒரு வட்டம் முழுசாக வெள்ளையாக எழுந்து வந்தது. அதைக் கோத்தபடி இன்னொன்றில் பாதி.

"நாலு வட்டம் இருந்திருக்கணும். ஜப்பான் ஆயுதச் சாலை முத்திரை. யாரோ தேய்ச்சிருக்காங்க, ஆனா ஆழமாப் பதிஞ்சது முழுசாப் போவல. இத விடுங்க, இந்தக் கொக்கியப் பாருங்க." கைப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் கொக்கிபோல் வளைந்திருந்ததைக் காட்டினார். "வெள்ளைக்காரன் இத எப்பவோ எடுத்துட்டான். ஜப்பான்காரன்தான் சண்டை பாதி வரைக்கும் வெச்சிருந்தான். குமிழ்ல நம்பர், பக்கத்துல ரெண்டு ஜப்பான் எழுத்து. முத்திரையே இல்லன்னாலும் தெரிஞ்சவன் ஒருத்தன் ஒரு நிமிஷத்துல சொல்லிடுவான்."

குமிழைப் பார்த்தேன். சுபேதார் நகத்தால் சுரண்டிப் பார்த்த இடம். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல, நாற்காலி போட்டு உட்காரவைத்த மனிதருக்கு வாய் வரவில்லை. அவரை நினைத்து ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பாவத்தில் பாதியை எடுத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்கிற நிம்மதி. அந்த நிம்மதியைவிடக் கேவலமானது எதையும் நான் இத்தனை வயதில் உணர்ந்ததில்லை.

"எங்கப்பாதான் சார் தேச்சாரு" என்றான் தம்பி. "அவரு சாவற வரைக்கும் எங்கம்மா அதச் சொல்லிச் சொல்லித் திட்டுவாங்க. நெசமா இருந்தா ஏன்யா அழிச்சேன்னு. அவரு வாயே தொறக்க மாட்டாரு."

வாத்தியார் விவரங்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, கத்தியை அதிகாரிகளிடம் எப்படி ஒப்படைப்பது என்றும் சொல்லிவிட்டுப் போனார். தம்பி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா சொன்னது நெசம்தான் அக்கா."

"தேச்சது அவரு இல்லடா" என்றேன். "நாந்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். சாணைக்கல், வெள்ளிக்கிழமை மத்தியானம், கொட்டகையில் அவர் என்னைப் பார்த்தது, பச்சைப் பாவாடை. முடித்ததும் தம்பி எழுந்துபோய்க் கொல்லைக் கதவருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் மகள் காபி டம்ளரைக் கையில் வைத்தபடி கூடத்து வாசலில் நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது.

"அப்ப உங்களுக்கு என்ன வயசு அத்த?" என்றாள்.

"ஒம்பது."

அவள் டம்ளரை என் முன்னால் வைத்தாள். குரலில் கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒம்பது வயசு, சரி. இருபது வயசுல ஏன் அத்த சொல்லல? நாப்பது வயசுல?"

காபியில் ஏடு படிந்தது. அவள் உள்ளே போன பிறகு, மிச்சமிருந்த அந்த வட்டத்தை விரலால் ஒருமுறை தடவினேன்.